ட்ரேஸ்பேக் எங்க இருந்து வருது, எப்படி படிக்கிறது, எப்படி தொலைக்காம வச்சுக்கிறது

ராத்திரில தனியா ஓடுற ஒரு வேலை. காலைல வந்து லாகை திறந்து பாத்தா ஒரே ஒரு வரி, "பிழை: 'பெயர்'". அவ்வளவுதான். எந்த ஃபைல், எந்த வரி, யார் கூப்பிட்டாங்க, ஒண்ணும் இல்ல. நான் எழுதின கோடுதான், எக்ஸப்ஷனை (ஓடும்போது கிளம்புற எரர்) பிடிச்சு அதோட மெசேஜை மட்டும் லாக்ல போட்டுட்டு அடுத்த ரெக்கார்டுக்கு போற மாதிரி எழுதியிருந்தேன், பைதான் டிக்ஷ்னரில இல்லாத கீயை கேட்டா வர்ற கீஎரரோட மெசேஜ் வெறும் அந்த கீயோட பேர் மட்டும்தான்ங்கிறது அன்னைக்குதான் உறைச்சுது. அந்த கீயை கோடு முழுக்க பல இடத்துல படிச்சிருந்தேன், எந்த இடம்னு தேடுறதுலயே ரெண்டு நாள் போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ட்ரேஸ்பேக், அதாவது எரர் வந்தா எந்த ஃபைல், எந்த வரி, யார் யாரை கூப்பிட்டாங்கன்னு காட்டுற லிஸ்ட், எப்ப, எங்க உருவாகுதுன்னு உக்காந்து முறையா படிச்சேன். அது தெரிஞ்சா படிக்கிறதும் சுலபம், எங்கெல்லாம் தொலையும்னு முன்னாடியே கண்ணுல படும்.

முதல்ல அடிப்படை, சீக்கிரமா பாத்துடலாம். ஒரு ஃபங்ஷனை கூப்பிடும்போதெல்லாம் ஒரு ஃப்ரேம் உருவாகுது, அதுல லோக்கல் வேரியபிள்ஸ், முடிஞ்சதும் எங்க திரும்பணுங்கிற இடம் எல்லாம் இருக்கும். ஃப்ரேம் மேல ஃப்ரேமா அடுக்கினா ஸ்டாக். எக்ஸப்ஷன் கிளம்பினதும் ரன்டைம் (கோடை ஓட்டுற அமைப்பு) இப்ப இருக்கிற ஃப்ரேம்ல இதை பிடிக்க ஏதாவது எக்ஸெப்ட், கேட்ச் இருக்கான்னு பாக்கும், இல்லைன்னா ஃபைனலி, வித் பிளாக், டிஸ்ட்ரக்டர்னு முடிக்க வேண்டிய வேலைய முடிச்சு அந்த ஃப்ரேமை கழட்டிட்டு கூப்பிட்ட ஃபங்ஷனுக்கு போகும், அங்கயும் இல்லைன்னா அதை கூப்பிட்டதுக்கு, இப்படியே யாராவது பிடிக்கிற வரைக்கும். இந்த ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வர்றதுதான் ஸ்டாக் அன்வைண்டிங்.

இப்ப முக்கியமான விஷயம். ஃப்ரேமை கழட்டிட்டா அதுல இருந்த தகவலும் போயிடும் இல்லையா, அப்ப நமக்கு கடைசில தெரியுற அந்த லிஸ்ட் எங்க இருந்து வந்துச்சு? யாரோ ஒருத்தர் கழட்டுறதுக்கு முன்னாடியோ, கழட்டும்போதோ குறிச்சு வச்சிருக்கணும். அந்த குறிக்கிற நேரம் மொழிக்கு மொழி மாறும். பைதான் கழட்டிக்கிட்டே வரும்போது குறிக்கும். ஜாவா எக்ஸப்ஷன் ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே மொத்தத்தையும் குறிச்சுடும். சி ப்ளஸ் ப்ளஸ் நீங்களா கேட்டாலொழிய எதையும் குறிக்காது. நமக்கு வர்ற குழப்பத்துல பெரும்பாலானது இந்த ஒரு வித்தியாசத்துல இருந்து வர்றதுதான்.

பைதான்ல இருந்து ஆரம்பிக்கலாம்

ஒரு சாதாரண ட்ரேஸ்பேக்கை தமிழ்ல மாத்தி எழுதினா இப்படி இருக்கும் (ஃபங்ஷன் பேரை நிஜமாவே தமிழ்ல வைக்கலாம், பைதான் 3 ஏத்துக்கும்):

ட்ரேஸ்பேக் (கடைசியா நடந்த அழைப்பு கடைசில):
  ஃபைல் "வேலை.பை", வரி 41, முதன்மை
    எல்லாத்தையும்_ஓட்டு(பாதை)
  ஃபைல் "வேலை.பை", வரி 27, எல்லாத்தையும்_ஓட்டு
    வரியை_சேர்(பதிவு)
  ஃபைல் "வேலை.பை", வரி 12, வரியை_சேர்
    பட்டியல்.append(பதிவு['பெயர்'])
கீஎரர்: 'பெயர்'

முதல் வரிலயே எப்படி படிக்கணும்னு சொல்லுது, கடைசியா நடந்தது கடைசில. அதனால கீழ இருந்து ஆரம்பிங்க. கடைசி வரில என்ன எரர், என்ன மெசேஜ். அதுக்கு மேல அது வெடிச்ச இடம். அங்க இருந்து ஒவ்வொரு படியா மேல ஏறுங்க, நீங்க எழுதின ஃபைல் முதல்ல எங்க தட்டுப்படுதோ அங்க நில்லுங்க. கீழ பத்து பதினஞ்சு வரி ஏதோ லைப்ரரிக்குள்ள இருக்கும், அதை பாத்து பயப்படவேணாம், பெரும்பாலும் நீங்க குடுத்த தப்பான மதிப்பு உள்ள வரைக்கும் போய் அங்க வெடிச்சிருக்கும். பைதான் 3.11-ல இருந்து அந்த வரில எந்த பகுதின்னு அடியில கூரைக்குறி (^) போட்டு காட்டும், ஒரே வரில நாலு கீ படிக்கிற கோடுக்கு இது பெரிய உதவி, பழைய வெர்ஷன்ல இருக்கிறவங்க இது ஒண்ணுக்காகவே மாறலாம்.

சரி, இப்ப ஒரு சின்ன சோதனை, கண்டிப்பா நீங்களே ஓட்டி பாருங்க, படிச்சு புரியறதை விட பாத்தா நல்லா புரியும். அ, ஆ, இ-ன்னு மூணு ஃபங்ஷன். அ ஆ-வை கூப்பிடுது, ஆ இ-யை கூப்பிடுது, இ எக்ஸப்ஷனை கிளப்புது, ஆ-ல ட்ரை எக்ஸெப்ட் இருக்கு, அதுக்குள்ள ட்ரேஸ்பேக் மாட்யூலோட பிரிண்ட் அண்டர்ஸ்கோர் எக்ஸ்க் (print_exc) கூப்பிடுங்க. என்ன வரும்? ஆ, இ ரெண்டு மட்டும்தான். அ வரவே வராது. ஏன்னா பைதான் ஒவ்வொரு ஃப்ரேமா கழட்டிக்கிட்டு வரும்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு ட்ரேஸ்பேக் ஆப்ஜெக்ட் உருவாக்கி முன்னாடி இருக்கிற சங்கிலியோட தலையில மாட்டிக்கிட்டே வருது, ஆ-ல பிடிச்சுட்டதால அ-வை தொடவே இல்ல, தொடாததை எப்படி எழுதும். இப்ப அதே இடத்துல பிரிண்ட் அண்டர்ஸ்கோர் ஸ்டாக் கூப்பிட்டு பாருங்க, வெளியில இருக்கிற மெயின் வரி, அ, ஆ வரும், இ இருக்காது, அது கழண்டு போச்சு. பிடிச்ச இடத்துக்கு உள்பக்கம் ட்ரேஸ்பேக், வெளிப்பக்கம் ஸ்டாக். ரெண்டையும் சேத்தாதான் முழுக்கதை.

இது ஏன் முக்கியம்னா, நிறைய ப்ராஜெக்ட்ல ஒரு பொதுவான ஹெல்பர் ஃபங்ஷன் இருக்கும், அதுக்குள்ளயே ட்ரை போட்டு லாக் பண்ணிடுவாங்க, அந்த ஹெல்பரை அம்பது இடம் கூப்பிடும், லாக்ல ஹெல்பர்ல இருந்துதான் ஆரம்பிக்கும், யார் கூப்பிட்டாங்கன்னு தெரியாது. அந்த இடத்துல லாகிங் மாட்யூலுக்கு ஸ்டாக் இன்ஃபோ-ங்கிற ஆப்ஷனை ட்ரூன்னு குடுங்க, வெளிப்பக்க ஸ்டாக்கும் சேந்து பதிவாகும். இல்லைன்னா அங்க பிடிக்கவே பிடிக்காதீங்க, மேல போக விடுங்க. எனக்கு ரெண்டாவது வழிதான் பிடிக்கும், எரரை வச்சு என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஃபங்ஷன் மட்டும் பிடிச்சா போதும்.

லாக் பண்றதுன்னா மெசேஜை மட்டும் எழுதாதீங்க, எக்ஸெப்ட் பிளாக்குக்குள்ள லாகர் எக்ஸப்ஷன்-ங்கிற மெத்தடை கூப்பிடுங்க, மெசேஜோட முழு ட்ரேஸ்பேக்கும் வரும். என் ராத்திரி வேலைல நான் மாத்தினது அந்த ஒரு வரிதான், மறுநாள் காலைல எந்த ஃபைல் எந்த வரின்னு லாகே சொல்லிடுச்சு.

எக்ஸெப்ட்க்குள்ள இன்னொரு எக்ஸப்ஷன் கிளம்பினா பைதான் ரெண்டையும் காட்டும், நடுவுல ஒரு வாக்கியம் வரும். "மேல இருக்கிறதை கையாளும்போது இன்னொண்ணு வந்துச்சு"ங்கிற அர்த்தத்துல வந்தா ரெண்டாவது நீங்க எதிர்பாக்காம வந்தது, பெரும்பாலும் உங்க எரர் ஹேண்ட்லிங் கோடுலயே பக். "மேல இருக்கிறதுதான் கீழ இருக்கிறதுக்கு நேரடி காரணம்"னு வந்தா யாரோ ரெய்ஸ் ஃப்ரம் போட்டு தெரிஞ்சே மாத்தி அனுப்பியிருக்காங்க. ரெண்டுலயும் மூலம் மேல இருக்கிற பிளாக்தான். ரெய்ஸ் ஃப்ரம் நன்-னு போட்டா மூலம் வெளியில தெரியாது, லைப்ரரி எழுதுறவங்க யூசருக்கு சுத்தமா காட்டணும்னு இதை செய்வாங்க, நம்ம சொந்த கோடுல நான் போடமாட்டேன், மூலத்தை மறைச்சுட்டு அப்புறம் அதையே தேடணும்.

இன்னொரு திருட்டு வழி ஒண்ணு இருக்கு, எக்ஸப்ஷன் சத்தமே இல்லாம காணாம போற வழி. ஃபைனலிக்குள்ள ரிட்டர்ன் எழுதினா அப்ப மேல போய்க்கிட்டிருந்த எக்ஸப்ஷன் அப்படியே விழுந்துடும், லாக் இல்ல, எரர் இல்ல, ஃபங்ஷன் ஒழுங்கா முடிஞ்ச மாதிரியே இருக்கும். பைதான் 3.14-ல இருந்து இதுக்கு வார்னிங் வருது. ஜாவாலயும் ஜாவாஸ்கிரிப்ட்லயும் எக்ஸப்ஷன் இதே மாதிரிதான் விழும். உங்க கோடுல ஃபைனலி எங்கெல்லாம் இருக்குன்னு ஒரு தடவை தேடி பாத்துடுங்க.

ட்ரேஸ்பேக் வெறும் எழுத்து கிடையாது, அது ஒவ்வொரு ஃப்ரேமையும் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கு, ஃப்ரேம் லோக்கல் வேரியபிள்ஸை பிடிச்சுக்கிட்டு இருக்கு. இதுல ஒரு லாபம், ஒரு தொல்லை. லாபம் என்னன்னா ப்ரோகிராம் செத்த பிறகும் உள்ள போய் பாக்கலாம், பைதானை மைனஸ் ஐ ஆப்ஷனோட ஓட்டுங்க, வெடிச்சு நின்னதும் பிடிபி (pdb, பைதானோட டீபகர்) மாட்யூலை இம்போர்ட் பண்ணி அதோட பிஎம் ஃபங்ஷனை கூப்பிட்டா வெடிச்ச ஃப்ரேம்லயே போய் உக்காரலாம், அப், டவுன்னு ஏறி இறங்கி அந்த நேரத்துல எந்த வேரியபிள்ல என்ன இருந்துச்சுன்னு பாக்கலாம், வழியெல்லாம் பிரிண்ட் போட்டு திரும்ப திரும்ப ஓட்டுறதை விட இது பல மடங்கு வேகம். தொல்லை என்னன்னா எக்ஸப்ஷன் ஆப்ஜெக்டை ஒரு லிஸ்ட்ல சேத்து வச்சீங்கன்னா அதோட அந்த ஃப்ரேம்ல இருந்த பெரிய பெரிய டேட்டாவும் மெமரில தங்கிடும். எக்ஸெப்ட் பிளாக் முடிஞ்சதும் அந்த வேரியபிளை பைதானே அழிச்சுடுறதுக்கு காரணமும் இதுதான், எக்ஸப்ஷன் ட்ரேஸ்பேக்கை பிடிக்க, ட்ரேஸ்பேக் ஃப்ரேமை பிடிக்க, ஃப்ரேம் திரும்ப எக்ஸப்ஷனை பிடிக்கன்னு வட்டம் ஆயிடும். சேத்து வைக்கணும்னா ட்ரேஸ்பேக்கை எழுத்தா மாத்தி வைங்க.

பிறக்கும்போதே குறிக்கிற மொழிகள்

ஜாவால நியூ போட்டு எக்ஸப்ஷனை உருவாக்குற நேரத்துல ஸ்டாக் முழுசும் பதிவாகுது, த்ரோ பண்றப்ப இல்ல. அதனால நடுவுல பிடிச்சாலும் வெளிப்பக்கம் வரைக்கும் இருக்கும், பைதான்ல வந்த அந்த பிரச்சனை இங்க இல்ல. ஆனா யாராவது செலவு மிச்சம்னு ஒரே எக்ஸப்ஷன் ஆப்ஜெக்டை ஸ்டாட்டிக்கா செஞ்சு வச்சு எல்லா இடத்துலயும் த்ரோ பண்ணியிருந்தா, எங்க வெடிச்சாலும் அது பிறந்த இடத்தைதான் காட்டும். படிக்கிற திசையும் மாறும், கடைசியா நடந்தது மேல. காஸ்ட் பை-ன்னு (Caused by, அதாவது இதனால வந்ததுன்னு) வர்ற சங்கிலில கடைசி காஸ்ட் பைதான் மூலம், நேரா அங்க போங்க. அதுக்கு கீழ "இன்னும் 23"-ன்னு வர்றதை பாத்து தகவல் வெட்டுப்பட்டுப்போச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, அந்த 23 வரியும் அதுக்கு முன்னாடி இருக்கிற ட்ரேஸோட கடைசில அப்படியே இருக்கு, திரும்ப எழுதவேணாம்னு விட்டது.

நிஜமாவே தகவல் போறது வேற இடத்துல. ஹாட்ஸ்பாட்ல (ஜாவாவை ஓட்டுற வழக்கமான ஜேவிஎம்) ஒரே இடத்துல நல் பாயின்டர் எக்ஸப்ஷன் திரும்ப திரும்ப வந்துக்கிட்டே இருந்தா, கோடை ஆப்டிமைஸ் பண்ணும்போது ஸ்டாக் ட்ரேஸே இல்லாத ஒரு ரெடிமேட் எக்ஸப்ஷனை எறிய ஆரம்பிச்சுடும், லாக்ல வெறும் பேர் மட்டும் இருக்கும். அப்ப லாகை பின்னாடி தள்ளி போங்க, ப்ராசஸ் ஆரம்பிச்ச புதுசுல வந்த அதே எரர்ல முழு ட்ரேஸ் இருக்கும். ஓமிட் ஸ்டாக்ட்ரேஸ் இன் ஃபாஸ்ட் த்ரோ-ங்கிற ஜேவிஎம் ஆப்ஷனை மைனஸ் குறி போட்டு அணைச்சு ஓட்டினா இது நிக்கும். இன்னொண்ணு, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வந்தா ட்ரேஸ் 1024 ஃப்ரேமோட நின்னுடும், முடிவில்லாம சுத்துற பகுதி தெரியும், ஆனா அதை யார் ஆரம்பிச்சு வச்சாங்கன்னு தெரியாது, அந்த எண்ணிக்கையையும் ஆப்ஷன்ல கூட்டலாம்.

ஜாவாஸ்கிரிப்ட்ல, குறிப்பா க்ரோம், நோட் ரெண்டும் ஓடுற வி8 எஞ்சின்ல, எரர் ஆப்ஜெக்ட் உருவாகும்போது பதிவாகுது, டீஃபால்டா 10 ஃப்ரேம்தான். எரர் ஸ்டாக் ட்ரேஸ் லிமிட்டை 50-ன்னு வச்சு பாருங்க, வித்தியாசம் தெரியும். எரர் ஆப்ஜெக்டுக்கு பதிலா வெறும் ஸ்ட்ரிங்கை த்ரோ பண்றதை அடியோட நிறுத்துங்க, ஸ்ட்ரிங்ல ஸ்டாக் ஒட்டாது.

சி ப்ளஸ் ப்ளஸ், அதுக்கு கீழ இருக்கிற நிஜ ஸ்டாக்

இங்க எக்ஸப்ஷனோட எந்த ட்ரேஸும் தானா வராது, ஆனா அன்வைண்டிங் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா அதையே நமக்கு சாதகமா பயன்படுத்தலாம். லினக்ஸ்ல த்ரோ நடந்ததும் ரெண்டு கட்டமா வேலை நடக்குது. முதல் கட்டத்துல எதையும் கழட்டாம ஸ்டாக்ல நடந்து போய் பிடிக்க யாராவது இருக்காங்களான்னு மட்டும் தேடும். இருந்தா ரெண்டாவது கட்டத்துல டிஸ்ட்ரக்டர்ஸை ஓட்டி கழட்டிக்கிட்டே அங்க போகும். யாருமே இல்லைன்னா கழட்டாமலே டெர்மினேட் ஆகி அபார்ட் ஆயிடும், அதாவது கோர் டம்ப் (சாகுற நேரத்து மெமரியோட நகல்) எடுத்தா த்ரோ நடந்த இடம் வரைக்கும் மொத்த ஸ்டாக்கும் அப்படியே இருக்கும், லோக்கல் வேரியபிள்ஸோட.

இப்ப மெயின்ல எல்லாத்தையும் பிடிக்கிற ஒரு கேட்ச் போட்டு "எதிர்பாராத பிழை"ன்னு ஒரு வரி பிரிண்ட் பண்ணிட்டு திரும்ப த்ரோ பண்றவங்க என்ன பண்றாங்கன்னு யோசிங்க, முதல் கட்டத்துல பிடிக்க ஆள் கிடைச்சாச்சு, அதனால மொத்த ஸ்டாக்கும் கழண்டாச்சு, திரும்ப த்ரோ பண்றது மெயின்ல இருந்துதான், கோர்ல மெயினை தவிர ஒண்ணும் இருக்காது. பாதுகாப்புக்குன்னு போட்ட கேட்ச்தான் ஆதாரத்தை அழிக்குது. அந்த கேட்ச்சை எடுத்துடுங்க. எடுக்க முடியாதுன்னா ஜிடிபி டீபகர்ல ஓட்டி கேட்ச் த்ரோ-ன்னு கமாண்ட் குடுங்க, த்ரோ நடக்கிற நொடில, எதுவும் கழட்டுறதுக்கு முன்னாடி நிக்கும், அங்க பிடி (bt, பேக்ட்ரேஸ்) கமாண்ட் குடுத்தா முழு ஸ்டாக். டிஸ்ட்ரக்டர்குள்ள இருந்து எக்ஸப்ஷனை வெளிய விடக்கூடாதுங்கிறதையும் மறக்காதீங்க, சி ப்ளஸ் ப்ளஸ் 11-ல இருந்து டிஸ்ட்ரக்டர் தானாவே நோஎக்ஸெப்ட், வெளிய வந்தா நேரா டெர்மினேட்தான்.

ரஸ்ட் மொழில பேனிக் (வெடிக்கிறதுக்கு அங்க பேர்) ஹூக் கழட்டுறதுக்கு முன்னாடியே ஓடுது, அதனால ரஸ்ட் அண்டர்ஸ்கோர் பேக்ட்ரேஸ்-ங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை 1-ன்னு வச்சா போதும், பேக்ட்ரேஸ் கிடைக்கும். கோ மொழிலயும் டிஃபர் ஃபங்ஷன் (முடியுறப்ப ஓடணும்னு தள்ளி வச்சது) பேனிக் ஆன ஸ்டாக் மேலயே ஓடுறதால, ரெக்கவர் பண்ற அந்த டிஃபருக்குள்ளயே டீபக் பேக்கேஜோட ஸ்டாக் ஃபங்ஷனை கூப்பிட்டு லாக் பண்ணிடுங்க, அந்த ஃபங்ஷன் முடிஞ்சுட்டா அப்புறம் கிடைக்காது.

சில சமயம் கையில கிடைக்கிறது வெறும் அட்ரஸ் லிஸ்ட்தான். ஆடர் டு லைன் (addr2line) கருவில போட்டு ஃபைல், வரி எடுக்கலாம், ஆனா ரெண்டு விஷயத்துல கவனம். ஒண்ணு, ப்ரோகிராம் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல லோட் ஆகும், அந்த ஆரம்ப அட்ரஸை கழிச்சுட்டுதான் குடுக்கணும். ரெண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. ஸ்டாக்ல இருக்கிறது கூப்பிட்ட இடம் கிடையாது, திரும்பி வரவேண்டிய இடம், அதாவது கால் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு அடுத்தது. அதை அப்படியே தேடினா அடுத்த வரியை காட்டலாம், கூப்பிட்ட ஃபங்ஷன் திரும்பியே வராத வகைன்னா அடுத்த ஃபங்ஷனோட பேரையே காட்டிடும், நீங்க சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனை நாள் முழுக்க பாத்துக்கிட்டு இருப்பீங்க. அதனால முதல் ஃப்ரேமை தவிர மத்த எல்லா அட்ரஸ்லயும் ஒண்ணு கழிச்சு தேடுங்க. ஜிடிபி மாதிரி கருவிங்க இதை தானா செஞ்சுடும்.

ஸ்ட்ரிப் பண்ணின பைனரின்னா ஃபங்ஷன் பேரெல்லாம் போயிருக்கும், ஆனா அன்வைண்ட் டேபிள் (ஃப்ரேமை எப்படி கழட்டுறதுங்கிற குறிப்பு) போகாது, ஓடுறதுக்கே அது தேவை. அதனால ரிலீஸ் பண்ணும்போது டீபக் தகவலை தனி ஃபைலா எடுத்து பில்ட் ஐடியோட பத்திரமா வச்சுட்டீங்கன்னா பின்னாடி எந்த கோரையும் படிச்சுடலாம். ஃப்ரேம் பாயின்டரை (இப்ப ஓடுற ஃப்ரேம் எங்க இருக்குன்னு காட்டுற ரெஜிஸ்டர்) வச்சு கம்பைல் பண்ணுங்கன்னும் சொல்வேன், ப்ரொஃபைலருக்கெல்லாம் ஸ்டாக்ல நடக்கிறது ரொம்ப சுலபமாகும், ஃபெடோரா 38, உபுண்டு 24.04 ரெண்டும் இதை டீஃபால்டாவே ஆக்கிட்டாங்க.

எக்ஸப்ஷனே இல்லாம தொங்கி நிக்கும்போது

வெடிச்சா கூட பரவாயில்ல, நின்னு போனா ட்ரேஸ்பேக்கே வராது. அப்ப நம்மதான் போய் எடுக்கணும். ஓடிக்கிட்டிருக்கிற பைதான் ப்ராசஸுக்கு பை-ஸ்பை கருவியோட டம்ப் கமாண்டை ப்ராசஸ் ஐடியோட குடுங்க, கோடுல எதையும் மாத்தாமலே எல்லா த்ரெட்டோட (ஒரே ப்ராசஸுக்குள்ள பக்கத்துல பக்கத்துல ஓடுற வேலைங்க) ஸ்டாக்கும் வரும், சில மெஷின்ல ரூட் அனுமதி கேக்கும். முன்னாடியே தயாரா இருக்கணும்னா ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூலை ஆரம்பத்துலயே எனேபிள் பண்ணிடுங்க, பைதான் 3.3-ல இருந்து கூடவே வருது, சி எக்ஸ்டென்ஷனுக்குள்ள செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகி செத்தாலும் பைதான் பக்க ட்ரேஸ்பேக்கை எழுதிட்டுதான் சாகும், இவ்வளவு நேரத்துக்குள்ள முடியலைன்னா டம்ப் பண்ணுன்னும் சொல்லி வைக்கலாம். ஜாவாக்கு ஜேஸ்டாக், இல்லைன்னா சிக்னல் 3 அனுப்புங்க, த்ரெட் டம்ப் எழுதிட்டு வேலைய தொடரும். அதே சிக்னலை கோ ப்ரோகிராமுக்கு அனுப்பினா எல்லா கோரூட்டீனையும் (த்ரெட் மாதிரி, கோ-வோடது) காட்டிட்டு செத்துடும், ப்ரொடக்ஷன்ல பழக்கதோஷத்துல அனுப்பிடாதீங்க. ஒரே ஒரு டம்ப் எடுத்து முடிவு பண்ணாதீங்க, சில செகண்ட் இடைவெளில மூணு எடுங்க, மூணுலயும் அதே வரின்னா அங்கதான் மாட்டிக்கிட்டு இருக்கு, மாறிக்கிட்டே இருந்தா நிக்கல, மெதுவா ஓடுது.

த்ரெட், பூல் வச்சு வேலை பண்றவங்களுக்கு ஒண்ணு. த்ரெட்டோட ஸ்டாக் அந்த த்ரெட்ல இருந்துதான் ஆரம்பிக்கும், அதை யார் கிளப்பினாங்கன்னு ட்ரேஸ்பேக்ல இருக்காது, பைதான் எக்ஸிக்யூட்டர்ல போட்ட வேலைல எக்ஸப்ஷன் வந்தா அது ஃப்யூச்சர்க்குள்ளயே (வேலையோட முடிவை வச்சிருக்கிற ஆப்ஜெக்ட்) தங்கிடும், நீங்க ரிசல்ட்டை கேட்டாதான் வெளிய வரும், கேக்கவே இல்லைன்னா வந்ததே தெரியாது. அதனால போட்ட எல்லா ஃப்யூச்சர்கிட்டயும் ரிசல்ட் கேளுங்க, அந்த வேலை எதையும் திருப்பி குடுக்காதுன்னாலும் கேளுங்க.

நான் இப்ப எந்த புது சர்வீஸ் ஆரம்பிச்சாலும் முதல் நாளே வேணும்னே மூணு இடத்துல வெடிக்க வைப்பேன், ஒரு சாதாரண ஃபங்ஷனோட ஆழத்துல ஒண்ணு, ஒரு பேக்ரவுண்ட் த்ரெட்ல ஒண்ணு, எக்ஸெப்ட் பிளாக்குக்குள்ள ஒண்ணு. அப்புறம் கோடை பாக்காம லாகை மட்டும் வச்சு மூணு வரி நம்பரையும் சொல்ல முடியுதான்னு பாப்பேன், சொல்ல முடியாத ஒண்ணு இருந்தா அதை சரி பண்ணிட்டுதான் அடுத்த வேலை.